இரண்டாம் வகுப்புக் கணக்கு: தினமும் பத்து நிமிஷம் புள்ளி காட்டினால் போதுமா?

ஜூன் 11 (கேள்வி)

பையன் இரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம், கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம். 8+7 என்றால் இன்னும் விரல் விடுகிறான். அவன் டீச்சர் தினமும் காலையில் பத்து நிமிஷம் புத்தகத்தைத் திறக்காமல் புள்ளி போட்ட அட்டையைக் காட்டி ‘எத்தனை, எப்படித் தெரிந்தது’ என்று கேட்கிறாராம். நாங்கள் வாய்ப்பாடு ஒப்பித்தோம், கணக்கு வந்தது. இந்தப் புள்ளி வேலையால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா, இல்லை பொழுதுபோக்கா?

ஜூன் 11, இரவு

அந்த டீச்சர் நான் இல்லை. ஆனால் நானும் அதைத்தான் செய்கிறேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு அரசு எல்.பி. (லோயர் பிரைமரி) பள்ளி, இரண்டாம் வகுப்பு, 23 பேர். மூன்று வருஷமாகச் செய்கிறேன். முதல் வருஷம் தப்பாகச் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

விரல் விடுவதை நிறுத்தாதீர்கள். எப்படி விடுகிறான் என்று மட்டும் பாருங்கள். எட்டை ஒன்றிலிருந்து எண்ணி, ஏழையும் ஒன்றிலிருந்து எண்ணி, அப்புறம் மொத்தத்தையும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறானா? இல்லை, ‘எட்டு’ என்று மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே போகிறானா? இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷத்து வளர்ச்சி இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஜூன் 13

முதலில் இருந்து எண்ணுகிறான் என்கிறீர்கள். சரி. என் வகுப்பில் ஜூன் மாதம் பாதிப் பேர் அப்படித்தான்.

அட்டை விஷயம். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கம், அதில் ஸ்டிக்கர் பொட்டு. கறுப்புப் பொட்டு நல்லது, சிவப்பு கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. மூன்று விநாடி காட்டிவிட்டு மடியில் கவிழ்த்துவிடுவேன். அதற்கு மேல் காட்டினால் ஒவ்வொன்றாக எண்ணிவிடுவார்கள், பிறகு பேச ஒன்றும் இருக்காது. நாலு பொருள் வரைக்கும் மனிதக் கண் எண்ணாமலே பார்த்துவிடும். குழந்தைக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். அதைத் தாண்டினால் தடுமாறும். 1949-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் இந்தச் சட்டென்ற பார்வைக்கென்றே லத்தீனிலிருந்து ஒரு பெயர் செய்தார்கள். ஆக, ஐந்து, ஆறு, ஏழு புள்ளிகளைச் சட்டென்று சொல்ல வேண்டுமானால் மனதுக்குள் உடைத்து, கூட்டிப் பார்த்தாக வேண்டும். எனக்கு வேண்டியது அந்த உடைப்புதான். விடை ஏழு என்று எனக்கே தெரியும், அதற்கு நான் ஏன் கேட்க வேண்டும்?

ஜூன் 14

கைதூக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. தூக்கினால் மெதுவாக யோசிக்கிற பிள்ளை யோசிப்பதை விட்டுவிடுகிறது. விடை கிடைத்தால் நெஞ்சில் கட்டைவிரல். இரண்டாவது வழி தெரிந்தால் இன்னொரு விரல். ஒருவன் முதல் நாளே ஐந்து விரலையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து வழியா என்று கேட்டால், “இல்ல டீச்சர், நெஞ்சு அரிக்குது.”

ஜூன் 19

முதல் வருஷத் தப்பு. ஏழு புள்ளி அட்டை: மேலே நாலு, கீழே மூன்று. ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். நாலும் மூணும். மூணும் மூணும் ஒண்ணும். அஞ்சும் ரெண்டும். அப்புறம் ஒரு பையன், அப்பா மரமேறி, கள்ளிறக்குகிறவர், எழுந்து சொன்னான்: “ரெண்டு பசு, ஒண்ணு கொறவு.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் தப்பு. “பசு எங்கடா இருக்கு, புள்ளியைப் பாரு” என்று உட்கார வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம் ஒன்றரை மாதம் அவன் வாயே திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் தேர்தல் வேலையாக அவன் தெருவுக்குப் போனபோது, திண்ணையில் பாட்டியும் அவனும் பல்லாங்குழி. புளியங்கொட்டை. காய் விழுந்து விழுந்து ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் பாட்டி “பசு” என்று அள்ளினாள். எண்ணவே இல்லை. எனக்கு அங்கேயே முகம் சிவந்துவிட்டது. நாலு என்பது அவனுக்குப் பசு. ஏழு என்பது இரண்டு பசுவுக்கு ஒன்று குறைவு. எட்டிலிருந்து ஒன்றைக் கழித்து ஏழைப் பார்த்தவன் அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான், அவனைத்தான் உட்கார வைத்தேன்.

ஜூன் 20

பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து காய் இல்லை, எங்கள் ஊரில் ஆறு போட்டுத்தான் தொடங்குவோம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஐந்து என்று சொல்லவே இல்லையே ஐயா! ஆனால் சொல்லியிருப்பேன், எங்கள் வீட்டில் ஐந்துதான். 14 குழிக்கு ஐந்து ஐந்தாக 70, ஆறு ஆறாக 84. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 14 தடவை ஆறு என்பதை எப்படிக் கூட்டுவீர்கள் என்று கொடுத்துப் பாருங்கள். என் வகுப்பில் ஒருத்தி ஒரு பக்கம் ஏழு குழியையும் எண்ணி 42 என்று வைத்துக்கொண்டு, மறுபக்கம் எண்ணாமலே “அதே மாதிரி இன்னொண்ணு” என்றாள்.

ஜூன் 21

வாய்ப்பாடு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டுகிறீர்கள். வாய்ப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் பின்ன வாய்ப்பாடே ஒப்பித்தார்கள். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி. அந்த மாகாணியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. மாகாணி என்ற சொல்லே ஒரு கூட்டல் கணக்கு. அதைச் சொல்லாகவே வைத்துக்கொண்டு புழங்கியவர்களுக்கு எண்கள் மேல் ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. ஒப்பித்ததால் வந்ததா, நெல் அளந்ததால் வந்ததா? என் கட்சி, அளந்ததால்.

என் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு கடகடவென்று சொல்கிற பையனிடம் ‘ஆறேழு 42, அப்போ ஏழேழு?’ என்றால் ஓரேழு ஏழிலிருந்து மறுபடி தொடங்குகிறான். பாட்டுப் பாடுகிறவனை நடுவில் நிறுத்தியது மாதிரி.

ஜூன் 27

தேங்காய்க் களம் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா களத்தில் காய் எண்ணுகிறவர். ஒன்று என்று சொல்ல மாட்டார், “லாபம்” என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு. கைக்கு ஒரு காயாக, இரண்டிரண்டாக எறிவார். ஐம்பது எறிந்தால் நூறு. நூறு ஆனதும் ஒரு காயைத் தனியாக ஓரத்தில் வைப்பார். சாயங்காலம் ஓரத்தில் 12 காய், கையில் இன்னும் 20 எறி என்றால் 1240. அந்த ஓரத்துக் காய் கணக்கில் சேருமா சேராதா என்று வியாபாரிக்கும் அவருக்கும் வாரம் ஒருமுறை சண்டை.

நூறு காய்க்குப் பதிலாக ஒரு காய் நிற்கிறது. இட மதிப்பு என்று நாங்கள் பாடம் நடத்துவது இதைத்தான். ஆறு வயதில் களத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்து, எத்தனையோ வருஷம் ‘ஒன்றுகள், பத்துகள், நூறுகள்’ என்று கட்டம் போட்டு நடத்தினேன். களத்தை ஒருநாளும் வகுப்புக்குள் கொண்டுவரத் தோன்றவில்லை. இப்போது வாரம் ஒருநாள் புளியங்கொட்டையை வைத்து ‘களம்’. பத்து ஆனால் ஒரு கொட்டை ஓரத்தில். நூறெல்லாம் பத்து நிமிஷத்தில் நடக்காது.

ஜூலை 3

எண்ணிச் சொல்லும் பயிற்சி (எல்லோரும் சேர்ந்து, வட்டமாக நின்று). 29-க்கு அப்புறம் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? “இருபத்திப் பத்து.” எனக்குப் பிடித்த தப்பு இது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் எண்ணின் அமைப்பைப் பிடித்துவிட்டார்கள், ஓரம் மட்டும் தெரியவில்லை. நான் திருத்த மாட்டேன். “இருபத்திப் பத்தா? அதுக்கு வேற பேர் ஏதாவது இருக்கா?” என்று மட்டும் கேட்பேன்.

89-க்கு அப்புறம்தான் பெரிய பள்ளம். தொண்ணூறு. பெயருக்குள்ளேயே நூறு இருக்கிறது. எழுதச் சொன்னால் தொண்ணூற்று மூன்றை 103 என்று எழுதுகிற பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு. தொள்ளாயிரத்திலும் அதே கதை, பெயரில் ஆயிரம், தாளில் 900. பக்கத்து மலையாள டிவிஷன் டீச்சரிடம் கேட்டேன், அவர்களுக்கும் தொண்ணூறு, தொள்ளாயிரம் அப்படியேதான். அவரும் ‘ஆமா, தொண்ணூறுல குட்டிகள் (பிள்ளைகள்) விழும்’ என்றார்.

ஜூலை 4

“நான் சித்தூர்தான், எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை” என்று ஒருவர். எந்த வார்டு என்று கேட்டு நான் பதில் எழுதினேன். அவர் ஆந்திரச் சித்தூர்! எனக்குச் சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சிற்றூர், பஸ்ஸில் அரை மணி. மன்னிக்கவும்.

ஆனால் அவர் சொன்னது சுவாரசியம். தெலுங்கு மீடியத்தில் 900 என்றால் ‘தொம்மிதி வந்தலு’, ஒன்பது நூறு, அவ்வளவுதான். 90-க்கு ‘தொம்பை’, அதில் நூறு இல்லை. அவர் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. மகள் இரண்டையும் கலந்து ‘ஒம்பது நூறு’ என்கிறாளாம், திருத்த வேண்டுமா என்று கேட்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். எழுதும்போது அவளுக்கு அது உதவும்.

ஜூலை 4, திருத்தம்

தொண்ணூற்று மூன்றை 103 என்று எழுதுவதற்கு முழுக் காரணமும் பெயர்தான் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. அதே பிள்ளைகள் நூற்று ஐந்தை 1005 என்றும் எழுதுகிறார்கள். காதில் கேட்டதை வரிசையாக எழுதுகிறார்கள்: நூறு, அப்புறம் ஐந்து. பெயர் ஒரு காரணம், இடம் பழகாதது இன்னொரு காரணம்.

ஜூலை 16

மழை. இரண்டு நாள் லீவு போய் இன்று வந்தால் 23-க்கு 14 பேர். புள்ளி அட்டை வேண்டாம் என்று மழையையே கேட்டேன்: எத்தனை பேர் வரவில்லை? “ஒம்பது.” எப்படி? “பதினாலுல இருந்து இருபதுக்கு ஆறு, அப்புறம் மூணு.” சொன்னவள் ஜூன் மாதம் விரலை ஒன்றிலிருந்து எண்ணியவள். இதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன், மனம் சோர்கிற நாளில் படிக்க.

ஜூலை 18

முட்டை நாள். இங்கே மதியச் சாப்பாட்டில் வாரத்துக்கு ஒருநாள் முட்டை. எத்தனை முட்டை என்று சமையல் அக்காவிடம் போய்ச் சொல்வது தினம் ஒரு பிள்ளையின் பொறுப்பு, இதுவும் பத்து நிமிஷக் கணக்கில் சேர்த்திதான். 23 பேர், மூன்று பேர் வரவில்லை, இரண்டு பேர் முட்டை சாப்பிட மாட்டார்கள். போனவன் 20 என்று சொல்லிவிட்டான். இரண்டு முட்டை மிச்சம். நல்லவேளை, மிச்சம்! போன மாதம் குறைந்துபோய் ஒரு குழந்தை அழுது, என் டப்பாவிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

மிச்சமான இரண்டையும் என்ன செய்வது என்று வகுப்பில் பெரிய விவாதம். கணக்கு அங்கேயே காணாமல் போனது.

ஜூலை 30

இப்போது கொஞ்சம் கசப்பான குறிப்பு. இந்தப் பத்து நிமிஷ நேரத்தில் வெளியிலிருந்து ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். 8+7 எழுதினேன். பிள்ளைகள் வரிசையாக “எட்டைப் பத்தாக்கினேன் டீச்சர், ஏழுல ரெண்டு எடுத்தேன், பத்தும் அஞ்சும் பதினஞ்சு.” ஐந்து பேர் அதையே சொன்னார்கள். வந்தவருக்கு ரொம்பச் சந்தோஷம், குறிப்பேட்டில் எழுதினார்.

எனக்கு உறுத்தியது. அவர் போனபின் 9+6 கேட்டேன். ‘பத்தாக்கினேன்’ என்ற இருவர் விடையை 14 என்றும் 16 என்றும் சொன்னார்கள். பெஞ்சுக்கு அடியில் விரல்! எனக்குப் பிடித்த பதில் எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் ‘பத்தாக்கினேன்’ என்றதும் என் முகம் மலர்கிறது போல. வாய்ப்பாட்டை ஒப்பிப்பதைக் குறை சொல்லிவிட்டு நான் வேறு ஒரு ஒப்பித்தலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 21 குறிப்பில் கொஞ்சம் மிடுக்காகப் பேசியிருக்கிறேன், அதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆகஸ்ட் 2

இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, யார் சொன்னாலும் என் முகம் ஒரே மாதிரி. கண்ணாடி முன்னால் பழகினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், வீட்டில் இவர் சிரித்தார். இன்னொன்று, சொன்ன வழியை இன்னொரு பிள்ளை மணிச்சட்டத்தில் செய்து காட்ட வேண்டும்.

மணிச்சட்டம் என்றால் பழைய ஸ்லேட்டில் இருக்குமே, அது இல்லை. இரண்டு கம்பி, கம்பிக்குப் பத்து மணி, ஐந்து சிவப்பு ஐந்து வெள்ளை. நெதர்லாந்தில் ட்ரெஃபர்ஸ் என்ற கணிதக் கல்வியாளர் கொண்டுவந்த வடிவம். நான் செருப்புப் பெட்டி அட்டையில் ஷூ லேஸ் கோத்து, பொள்ளாச்சியில் வாங்கிய பாசிமணியில் செய்தேன். மேலே எட்டு தள்ளு, கீழே ஏழு தள்ளு. இரண்டு கம்பியிலும் சிவப்பு ஐந்து ஐந்து சேர்ந்து நிற்கும், பத்து கண்ணில் அடிக்கும், வெள்ளை மூன்றும் இரண்டும். அதைப் பார்த்துவிட்டு யாரும் ‘எட்டைப் பத்தாக்கினேன்’ என்று சொல்லவில்லை, “ரெண்டு அஞ்சு பத்து, மூணும் ரெண்டும் அஞ்சு” என்றார்கள். நான் விரும்பாத, ஆனால் அவர்களே பார்த்த வழி.

ஆகஸ்ட் 5

எங்கே பயிற்சி கிடைக்கும் என்று கேட்டவருக்கு. கேரளத்தில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு உல்லாச கணிதம் என்ற திட்டம், தமிழ்நாட்டில் 2022-இல் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும் என்று தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம். இரண்டிலும் எடுத்துக்கொள்ள விளையாட்டுகள் உண்டு. எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். நான் ஒரே வகை அட்டையை இரண்டு வாரம் வைத்திருப்பேன்.

ஆகஸ்ட் 9

கோலம். ஒரு பிள்ளையின் அம்மா பள்ளி வாசலில் கோலம் போட்டார், ஏழு புள்ளி, இடைப்புள்ளி நாலில் நிறுத்தம் (நடுவரிசையில் ஏழு, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்று குறைத்து நாலு வரை). எத்தனை புள்ளி என்று நின்ற இடத்திலேயே கேட்டேன். நாலு, அஞ்சு, ஆறு சேர்ந்தால் 15, கீழேயும் 15, நடுவில் ஏழு, ஆக 37. இரண்டு பேர் இப்படிப் பார்த்தார்கள், மற்றவர்கள் மிதித்துக்கொண்டே எண்ணிக் கோலம் அழிந்தது. அம்மாவிடம் நான்தான் திட்டு வாங்கினேன்.

அன்று இரவு எனக்கே தூக்கம் வரவில்லை. நாலில் நிறுத்தாமல் இரண்டு பக்கமும் ஒன்று வரை இறக்கினால்? கூட்டினேன், 49. ஏழு வரிசை ஏழு புள்ளி நேர்ப்புள்ளியும் 49. ஏன் என்று தாளைச் சாய்த்துப் பார்த்ததும் தெரிந்தது: அதே சதுரம்தான், மூலையில் நிற்கிறது. இத்தனை வருஷம் மார்கழி மார்கழியாகப் போட்டவளுக்கு இப்போதுதான்.

ஆகஸ்ட் 20

ஓணப் பரீட்சை நெருங்குகிறது, பத்து நிமிஷம் ஐந்து நிமிஷமாகிவிட்டது. மறைக்க விரும்பவில்லை.

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பையன் இப்போது எட்டை மனதில் வைத்து மேலே ஏழு விரல் விடுகிறானாம், இதுதானா முன்னேற்றம் என்கிறார். இதுதான். 7+8 என்று மாற்றிக் கேட்டால் ஏழை வைத்து எட்டு விரல் விடுகிறானா, அப்போதும் எட்டை வைத்து ஏழு விரலா? இரண்டாவது என்றால் பெரியதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. யாராவது சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 23

பசு பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பசு என் வகுப்பில் தங்கிவிட்டது, நான்தான் இந்த வருஷப் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தேன். இன்று 13 புள்ளி அட்டை. ஒருத்தி, “மூணு பசு, ஒரு கன்னுக்குட்டி.”

கன்றுக்குட்டி யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை, நான் இல்லை. 14 என்றால்? “மூணு பசு, ரெண்டு கன்னுக்குட்டி.” 15? மூணு கன்னுக்குட்டி. 16? “கன்னுக்குட்டியெல்லாம் பெரிசாயிடும் டீச்சர், நாலு பசு.” சரி, நாலு பசு சேர்ந்தால் என்ன பெயர்? தொழுவம் என்று ஒருவன். “பொள்ளாச்சிச் சந்தை” என்று பின்னாலிருந்து இன்னொருவன், மாட்டுத் தரகர் வீட்டுப் பையன். சந்தைக்கு ஓட்டு அதிகம்.

இப்போது எனக்குக் கவலை. நாலு நாலாகக் கட்டிப் பழகினால் பத்து பத்தாகக் கட்டுவது குழம்புமா, இல்லை அதற்கே இது உதவுமா? களமும் இருக்கிறது, சந்தையும் இருக்கிறது. லீவு முடிந்து வந்ததும் ஒரே புளியங்கொட்டைக் குவியலை இரண்டு வழியிலும் கட்டச் சொல்லப்போகிறேன். கொட்டை போதாது, வீட்டில் புளி தட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் எடுத்து வையுங்கள்.